கொலோனோஸ்கோபி நார்மல், பயாப்ஸி நார்மல், வயிறு மட்டும் ஏன் வலிக்குது? ஐபிஎஸ்ஸும் மாஸ்ட் செல்லும்

#1 ராயபுரம்_ரசாயனம்

ரத்தம் நார்மல், ஸ்கேன் நார்மல், கேமரா விட்டுப் பார்த்தும் நார்மல். கடைசியில் சீட்டில் 'ஐபிஎஸ்' என்று மூன்றெழுத்து: இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், டெஸ்டில் ஒன்றும் தெரியாமலே வயிறு வலித்து மலப்போக்கு மாறும் தொந்தரவு. வீட்டுக்கு வந்ததும் அதற்கு அர்த்தம் 'ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்' என்று ஆகிவிடுகிறது. இந்த அர்த்தம் தவறு என்பதற்கு இருபது வருடமாகச் சான்று சேர்ந்துகொண்டிருக்கிறது. அதைத் தமிழில் ஒரே இடத்தில் பேசி வைக்கலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் கதாநாயகனை அறிமுகப்படுத்துகிறேன். கொசு கடித்த இடம் தடித்துச் சிவந்து அரிக்கிறதே, அந்த வேலையைச் செய்வது மாஸ்ட் செல். 1878இல் பால் எர்லிக் வைத்த பெயர். உள்ளே மணிமணியாக ஏதோ அடைந்திருப்பதைப் பார்த்து, இது தின்று கொழுத்த செல் என்று நினைத்து, ஜெர்மனில் அந்தப் பொருள் வரும்படி வைத்தார். அது சாப்பாடு அல்ல, சரக்கு: ஹிஸ்டமின், டிரிப்டேஸ் என்ற நொதி, இன்னும் பல. தூண்டல் வந்தால் சில நிமிடங்களில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடும்.

இதே செல் பெருங்குடலின் உள்தோலிலும் நிறைய உண்டு. அங்கே வலி நரம்பின் நுனிகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஹிஸ்டமின் நரம்பில் உள்ள எச்-1 ஏற்பியில் (செய்தியை வாங்கும் புரதம்) உட்காரும். டிரிப்டேஸ் பிஏஆர்-2 என்ற ஏற்பியின் வாலை வெட்டித் திறந்துவிடும். இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது டிஆர்பிவி-1 என்ற வாயில், அதாவது நரம்பில் உள்ள ஒரு கதவு. இது மிளகாயின் காரத்துக்கும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கும் வாயில். 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. உடம்பின் சூடு 37தான் என்பதால் சாதாரணமாக அது மூடியே இருக்கும். ஹிஸ்டமின் பட்ட நரம்பில் அந்த வாயிலின் தாழ்ப்பாள் தளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு கொஞ்சம் காற்று, கொஞ்சம் மலம் நகர்வது என்று மற்றவருக்கு உறைக்கவே உறைக்காத இழுப்பு, இவருக்குப் பிடித்து முறுக்கும் வலியாகிறது. குடலில் புண் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இத்தாலியின் பொலோன்யாவில் ஜொவான்னி பார்பரா குழு 2004இல் 44 ஐபிஎஸ் நோயாளிகளின் குடல் துண்டுகளைப் பார்த்தது. வலியின் கடுமையோடு ஒத்துப்போனது, நரம்பிலிருந்து 5 மைக்ரோமீட்டருக்குள் இருந்த மாஸ்ட் செல்களின் எண்ணிக்கை. அதாவது செல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

#2 வியாசை_வினா

சார், சிம்பிளா ஒண்ணு. அப்படின்னா பயாப்ஸியில மாஸ்ட் செல் எண்ணிட்டா ஐபிஎஸ் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமா? ஒரு ரிப்போர்ட்ல '22 / எச்பிஎஃப், அதிகம்'னு போட்டிருந்தது.

#3 கண்ணாடித்தகடு

தெரியாது. அந்த 22ஐ நம்பி ஒரு மாத்திரைகூட வாங்கக் கூடாது. காரணங்களைச் சொல்கிறேன், லேப்பில் வேலை செய்பவர்களுக்கும் உதவும்.

எச்பிஎஃப் என்பது 'மைக்ரோஸ்கோப்பின் 40 மடங்கு லென்ஸில் தெரியும் ஒரு வட்டம்'. அந்த வட்டம் எல்லா மைக்ரோஸ்கோப்பிலும் ஒரே அளவு இல்லை. கண்ணருகு லென்ஸில் 22 என்று (ரிப்போர்ட்டின் 22 வேறு) எழுதியிருந்தால் வட்டத்தின் விட்டம் 0.55 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 0.24 சதுர மில்லிமீட்டர். 18 என்று எழுதியிருந்தால் விட்டம் 0.45, பரப்பு சுமார் 0.16. ஒரே கண்ணாடித் தகட்டை எடுத்துக்கொண்டு தெருவின் இந்த முனை லேப்பிலும் அந்த முனை லேப்பிலும் எண்ணினால் ஒன்றரை மடங்கு வித்தியாசம் வரும். சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று எழுதாத ரிப்போர்ட்டை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது.

அடுத்தது சாயம். வழக்கமான எச் அண்ட் ஈ சாயத்தில் மாஸ்ட் செல் சரியாகத் தெரியாது. டொலுய்டின் நீலத்தில் ஊதாவாக மின்னும். ஆனால் ஃபார்மலினில் ஊறிய குடல் உள்தோல் மாஸ்ட் செல்கள் அந்தச் சாயத்தைச் சரியாகப் பிடிக்காது, எண்ணிக்கை குறைத்துக் காட்டும். மாஸ்ட் செல்லில் உள்ள சிடி-117 அல்லது டிரிப்டேஸ் புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருள் சாயம் போட்டால்தான் ஒழுங்காக எண்ண முடியும். அதோடு, துண்டு எடுத்த இடமும் முக்கியம். வலது பக்கப் பெருங்குடலும் மலக்குடலும் ஒரே எண்ணிக்கை தராது. எல்லாத் துண்டையும் ஒரே டப்பாவில் போட்டு அனுப்பினால் எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஐபிஎஸ் உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்க ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு எண் கிடையாது. 2010இல் நெதர்லாந்தில் 60 நோயாளிகளிடம் மாஸ்ட் செல்லை அடக்கும் கெடோடிஃபென் மருந்தைச் சோதித்த ஆய்வில், ஐபிஎஸ் நோயாளிகளின் மாஸ்ட் செல் எண்ணிக்கை நலமானவர்களைவிடக் *குறைவாக* இருந்தது! வலி என்னவோ இருந்தது.

#4 ராயபுரம்_ரசாயனம்

கண்ணாடித்தகடு சொன்ன கடைசி வரி முக்கியம். எண்ணிக்கை குறைவாக இருந்தும் வலி இருந்தால், செல்லின் வேலைதான் பிரச்சினை, தலைக்கணக்கு இல்லை. இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. தொற்றுப் பேதிக்குப் பிறகு வரும் ஐபிஎஸ்ஸில் குடலில் டி லிம்ஃபோசைட்டுகள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) கூடியிருக்கும். சரி, ஸ்டீராய்டு கொடுத்து அவற்றைக் குறைத்தால் வலி போகுமே என்று 2003இல் பிரிட்டனில் தினம் 30 மில்லிகிராம் பிரட்னிசலோன் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். லிம்ஃபோசைட் குறைந்தது, தொந்தரவு குறையவில்லை. பெருங்குடல் அழற்சிக்குத் தரும் மெசலசினையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தாயிற்று. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே 'குடல்ல வீக்கம் இருக்கு, ஸ்டீராய்டு போட்டா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது வேறு விதமான வேலை. இன்னொன்று, எல்லா நோய் எதிர்ப்புச் செல்லும் வில்லன் இல்லை. சில டி லிம்ஃபோசைட்டுகள் அபின் போன்ற வலி அடக்கிகளைத் தாமே சுரக்கின்றன. எலியில் அவைதான் குடல் வலியைத் தணிக்கின்றன. மொத்தமாக அடித்து ஒடுக்கினால் காவல்காரனையும் சேர்த்து அடித்த கதையாகும்.

#5 வியாசை_வினா

சரி, மாஸ்ட் செல்லை யாரு உசுப்பி விடுறது? எல்லாருக்கும் அந்த செல் இருக்கு, சிலருக்கு மட்டும் ஏன்?

#6 ராயபுரம்_ரசாயனம்

பல வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பெல்ஜியத்தின் லூவன் குழு 2021இல் 'நேச்சர்' இதழில் போட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எலிக்கு ஒரு குடல் கிருமியைத் தொற்ற வைத்தார்கள். தொற்று இருக்கும் அதே நாட்களில் முட்டை வெள்ளைப் புரதத்தையும் ஊட்டினார்கள். தொற்று போய்விட்டது. பல வாரம் கழித்து முட்டைப் புரதத்தை மட்டும் கொடுத்தார்கள்: வயிற்று வலி, பேதி. தொற்றின்போது அந்தப் புரதத்தைப் பார்க்காத எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டைச் சகித்துக்கொள்ள வேண்டிய குடல், கிருமியோடு சேர்த்துப் பார்த்ததால் சாப்பாட்டையும் எதிரிப் பட்டியலில் எழுதிக்கொண்டது. அந்தப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்பொருள் குடலில் மட்டும் உருவாகி மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் கிடையாது. அதனால்தான் தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டிலும் ரத்த ஐஜிஇ டெஸ்டிலும் ஒன்றும் தெரிவதில்லை.

மனிதரிலும் பார்த்தார்கள். கோதுமை, குளூட்டன், சோயா, பால் ஆகியவற்றின் கரைசலை மலக்குடலின் உள்தோலில் ஊசியால் ஏற்றினார்கள். கொசுக்கடித் தடிப்பு மாதிரியே உள்ளே தடிக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். 12 ஐபிஎஸ் நோயாளிகளில் 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது தடித்தது. நலமான 8 பேரில் 2 பேருக்கு. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது. தோலில் அரிப்பாகத் தெரிவது குடலில் வலியாகத் தெரிகிறது.

மற்ற வழிகள் சுருக்கமாக: மன அழுத்தத்தில் சுரக்கும் சிஆர்எச் ஹார்மோன் மாஸ்ட் செல்லை நேராகத் தூண்டும். அதே லூவனில், மேடையில் பேசச் சொன்னதும் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியவர்களுக்குக் குடல் சுவரின் கசிவு கூடியதை அளந்து காட்டினார்கள். மாஸ்ட் செல்லை அடக்கும் குரோமோகிளைகேட் முன்பே கொடுத்தால், சிஆர்எச் ஏற்றினாலும் கசிவு கூடவில்லை. ஆக 'மனசு' என்று சொல்பவர்களும் பாதி சரி. மனசு போகும் வழியில்தான் இந்தச் செல் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வழி பாக்டீரியா. கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற குடல் பாக்டீரியா தானே ஹிஸ்டமின் தயாரிக்கிறது, எச்-4 ஏற்பி வழியாக மாஸ்ட் செல்களைக் கூட்டம் கூட்டுகிறது. கனடாக் குழு 2022இல் காட்டியது.

#7 மருந்துப்பெட்டி_பெரம்பூர்

தொற்றுப் பேதி என்றதும் நம் வட சென்னைப் பக்கம் பேச வேண்டியது இருக்கிறது. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் கழிவு கலந்தால் கொருக்குப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை கடைகளில் என்ன விற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் ஆன்டிபயாடிக் ஒரு அட்டை, பேதியை நிறுத்தும் லோபராமைடு இரண்டு மாத்திரை.

தொற்றுப் பேதி வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பிறகு ஐபிஎஸ் வருகிறது. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000இல் குடிநீர் கெட்டபோது அதை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஆபத்தைக் கூட்டுபவை: பெண்ணாக இருப்பது, பேதி நீண்ட நாள் நீடிப்பது, அந்த நேரத்தில் பதற்றம், *ஆன்டிபயாடிக் எடுத்தது*. கடைசியில் சொன்னதில், கடுமையான பேதிக்குத்தான் ஆன்டிபயாடிக் போகும் என்ற கலப்பும் இருக்கலாம். இருந்தாலும் நீராகப் போகும் சாதாரணப் பேதிக்கு அந்த அட்டை தேவையில்லை. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கால் பாக்கெட்டை டம்ளரில் போட்டுக் கண்ணளவில் கலக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. உப்பு கூடினால் பேதியும் கூடும். கலக்கியது 24 மணி நேரம்தான். ரத்தம் போனாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ ஓஆர்எஸ்ஸோடு நிறுத்தாமல் டாக்டரிடம்.

#8 கவலை_காசிமேடு

ஹிஸ்டமின்தான் எதிரின்னா மீன் சாப்பிடக் கூடாதா? கவலை, காணாங்கத்தை, சூரை எல்லாத்துலயும் ஹிஸ்டமின் இருக்குன்னு யூடியூப்ல ஒருத்தர் பயமுறுத்துறார். என் பேரே கவலை, இதுக்கு மேல கவலை வேணாம்.

#9 ராயபுரம்_ரசாயனம்

பேருக்கு ஏற்ற கேள்வி! இரண்டையும் குழப்பக் கூடாது.

நீங்கள் சொன்ன மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்ததும் ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். வஞ்சிரமும் அந்தக் குடும்பம்தான். ஒருமுறை உருவாகிவிட்டால் வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் கருவாடு போட்டாலும் அது அழியாது. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, சில சமயம் பேதி. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். அது விஷமேறிய மீன், ஐபிஎஸ் இல்லை.

ஐபிஎஸ்ஸில் பேசுவது குடல் சுவருக்கு *உள்ளே*, நரம்பின் மடியில் கொட்டப்படும் ஹிஸ்டமின். தட்டிலிருந்து வருவதில் பெரும்பகுதியைக் குடலின் டையமின் ஆக்சிடேஸ் நொதி தின்றுவிடும். ஆகவே துறைமுகத்தில் மீனுக்குச் சமமான எடை ஐஸ் போட்டு வைத்திருக்கிற கூடையிலிருந்து வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் கழுவி ஃபிரிட்ஜில் வையுங்கள். தாராளமாகச் சாப்பிடலாம்.

#10 மருந்துப்பெட்டி_பெரம்பூர்

எப்படியும் அடுத்த கேள்வி 'அப்ப செட்ரிசின் போட்டா போதுமா' என்றுதான் வரும். முன்னாடியே எழுதிவிடுகிறேன்.

சோதிக்கப்பட்டது செட்ரிசின் இல்லை, அதே போல எச்-1 ஏற்பியைத் தடுக்கும் எபாஸ்டின் என்ற ஆன்டிஹிஸ்டமின். 2016இல் 55 பேரிடம் தினம் 20 மில்லிகிராம், 12 வாரம். நல்ல பலன் என்று வந்தது. உடனே ஆன்டிஹிஸ்டமின்தான் மருந்து என்று பேச்சு கிளம்பியது. 2024இல் மலச்சிக்கல் இல்லாத வகை ஐபிஎஸ் நோயாளிகள் 202 பேரிடம் அதே அளவு, அதே 12 வாரம். இம்முறை அளவுகோல் கறார்: மொத்த நிவாரணமும் வலிக் குறைவும் இரண்டும் 12 வாரத்தில் குறைந்தது 6 வாரம் இருக்க வேண்டும். அதைத் தாண்டியவர்கள் எபாஸ்டினில் 12 சதவீதம், வெற்று மாத்திரையில் 4 சதவீதம். பலன் உண்மை, ஆனால் சிறியது. யாருக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே காட்டும் டெஸ்ட் கடையில் இல்லை.

டாக்டர் எழுதினால் நினைவில் வைக்க வேண்டியவை: இரண்டு நாள் போட்டுவிட்டு 'கேக்கல' என்று நிறுத்தினால் அது சோதனையே இல்லை, வாரக்கணக்கில் போட வேண்டும். எரித்ரோமைசின், கெடோகோனசோல் கூட சேர்க்கக் கூடாது, இதயத் துடிப்பின் லயம் கெடும் வாய்ப்பு உண்டு. சிபிஎம், அவில் போன்ற பழைய ரக ஆன்டிஹிஸ்டமின்களை இதற்காக வாங்கித் தின்னாதீர்கள். தூக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல், முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு.

வலிக்கு வலுவான சான்று உள்ளவற்றில் ஒன்று குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். பிரிட்டனில் 463 பேரிடம் நடந்த ஆய்வு, 2023. இரவு 10 மில்லிகிராமில் தொடங்கி, தாங்கினால் மூன்று வாரத்தில் 30 வரை. 'மனநோய் மாத்திரை கொடுத்துட்டாங்க' என்று சீட்டைக் கிழிப்பவர்கள் கவனிக்க: இந்த அளவு மனச்சோர்வுக்கு உரியதே இல்லை, நரம்பின் வலிச் செய்தியைத் தணிக்க. வேடிக்கை என்னவென்றால் அமிட்ரிப்டிலினே பலமான எச்-1 தடுப்பானும்கூட. அதனால்தான் இதோடு இன்னொரு தூக்க ஆன்டிஹிஸ்டமின் சேர்த்தால் மறுநாள் காலை எழுந்து வண்டி ஓட்ட முடியாது.

#11 பத்தியச்சாப்பாடு

சாப்பாட்டுக்கு வரேன். முதல்ல ஒரு எச்சரிக்கை: '200 உணவுக்கு ஐஜிஜி டெஸ்ட்' பேக்கேஜுக்குக் காசு கொடுக்காதீங்க. ஐஜிஜிங்கிறது இன்னொரு வகை எதிர்ப்பொருள், அது இருந்தா அந்தச் சாப்பாட்டை நீங்க அடிக்கடி சாப்பிடுறீங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். மேலே சொன்ன ஐஜிஇ வேற, இது வேற.

சான்று அதிகமா இருக்கிறது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் குறைப்பு. குடலில் உறிஞ்சப்படாம புளிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கிறது. இது வெறும் கேஸ் சமாசாரம் இல்லை. 2017இல் ஒரு ஆய்வில் இந்தச் சாப்பாட்டில் இருந்தவங்க சிறுநீரில் ஹிஸ்டமின் எட்டு மடங்கு குறைஞ்சது. அதனாலதான் இந்த இழைக்கு இது பொருந்துது.

நம்ம சமையலில் பெரிய குற்றவாளிகள் வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு. அப்புறம் கொண்டைக்கடலை, ராஜ்மா, அளவு கூடின துவரம்பருப்பு, கோதுமை, மைதா, பால், மாம்பழம். சோறு, முட்டை, மீன், கேரட், கத்திரிக்காய், உருளை தாராளம். இட்லியில் உளுந்து நாலுக்கு ஒண்ணுதான், ரெண்டு மூணு இட்லி பெரும்பாலும் ஒத்துக்கும். அதைக் கெடுப்பது சாம்பார்.

வழி இருக்கு. பூண்டை எண்ணெயில் பொரிச்சு *பூண்டை எடுத்துப் போட்டுட்டு* எண்ணெயை மட்டும் தாளிக்கப் பயன்படுத்துங்க. பூண்டில் தொந்தரவு பண்ற ஃபிரக்டான் சர்க்கரை தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது. வாசனை வரும், தொந்தரவு வராது. ஆனா அதே பூண்டை ரசத்தில் கொதிக்கவிட்டு எடுத்துப் போட்டா பிரயோஜனமில்லை, எல்லாம் ரசத்தில் இறங்கியிருக்கும். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டுங்க, வேகவெச்ச தண்ணியையும் கொட்டுங்க. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி.

வியாசர்பாடி, பர்மா பஜார் பக்கம் இருக்கிறவங்களுக்காக: அத்தோங்கிற பர்மா தட்டில் மைதா நூடுல்ஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, கடலைமாவு, மேல மிளகாய்த்தூள். ஒரே தட்டில் எல்லாம் சேர்ந்து வருது. வலி உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அதை ஒத்திப்போடுங்க.

எங்கே தப்பு பண்றாங்கன்னா, இதை வாழ்நாள் பத்தியமா ஆக்கிடறாங்க. குறைப்புக் கட்டம் 2 முதல் 6 வாரம் மட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா திருப்பிச் சேர்க்கணும்: ஒரு பொருள், மூணு நாள், தினம் அளவைக் கூட்டி, பிறகு ரெண்டு மூணு நாள் இடைவெளி, அடுத்த பொருள். பாலையும் கோதுமையையும் ஒரே நாளில் சேர்த்தா எது பண்ணுச்சுன்னு தெரியாது. ஒல்லியா இருக்கிறவங்க, சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவங்க தனியா ஆரம்பிக்க வேண்டாம்.

#12 வியாசை_வினா

காரம்? முதல் பதிவுல மிளகாய் வாயில்னு சொன்னாரே.

#13 ராயபுரம்_ரசாயனம்

ஆமாம். 2008இல் ஐபிஎஸ் நோயாளிகளின் குடல் துண்டில் டிஆர்பிவி-1 உள்ள நரம்பிழைகள் மூன்றரை மடங்கு இருந்ததைக் கண்டார்கள். அவ்வளவு வாயில் திறக்கத் தயாராக இருக்கும்போது மிளகாய் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காரம் இந்த நோயை உண்டாக்கவில்லை, வலியை ஏற்றிவிடுகிறது. மிளகுக்கும் கொஞ்சம் அதே வேலை உண்டு. அதனால் 'மிளகாய விட்டு மிளகுக்கு மாறிட்டேன்' என்பது பாதித் தீர்வுதான்.

#14 கண்ணாடித்தகடு

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் தனக்குத் தானே ஐபிஎஸ் என்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். ஐபிஎஸ்ஸைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் ரோம்-4 அளவுகோல்படி: கடந்த மூன்று மாதம் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி. அதோடு, மலம் கழிப்பதோடு தொடர்பு, எத்தனை தடவை என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு. தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழை உங்களுக்கானது இல்லை. நம் ஊரில் குடல் காசநோய் இதே வேடத்தில் வரும், வலது அடிவயிற்று வலியோடு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம்.

#15 வியாசை_வினா

மலத்துல கால்புரொடெக்டின்னு ஒரு டெஸ்ட் எழுதியிருந்தாங்க. அது மாஸ்ட் செல் டெஸ்டா?

#16 கண்ணாடித்தகடு

இல்லை. அது நியூட்ரோஃபில் என்ற வேறு செல்லின் புரதம். கிரோன் நோய், பெருங்குடல் அழற்சி போன்ற குடல் அழற்சி நோய்களில் ஏறும். மாஸ்ட் செல் நரம்போடு செய்யும் ரகசியப் பேச்சு இதில் பதிவாகாது. அதனால்தான் ஐபிஎஸ்ஸில் பொதுவாக நார்மல் வருகிறது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் அழற்சி நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 50க்கும் 250க்கும் நடுவில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் என்றால் கேமரா. ரத்த டிரிப்டேஸும் வேறு நோய்களுக்கானது, ஐபிஎஸ்ஸில் ஏறாது.

எடுக்கும் முறையில் இரண்டு விஷயம். ஐபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை எடுத்திருந்தால் இரண்டு வாரம் விட்டுப் பிறகு கொடுங்கள், இல்லாவிட்டால் எண் பொய்யாக ஏறும். காலையில் முதலில் வரும் மலம், கழிப்பறைத் தண்ணீர் படாமல், டப்பாவோடு வரும் கரண்டியில் ஒரு கரண்டி போதும். டப்பாவை ரொப்பி அனுப்ப வேண்டாம், மூடி தெறிக்கும்.

#17 கவலை_காசிமேடு

கடைசி வரிக்கு நன்றி சார். லேப்காரங்க சார்பா.